வீட்டுக் கணினிக்குக் குறைந்த விலை மதர்போர்டு: எச்610, ஏ520, ஏ620 ஆகியவற்றில் எது பொருந்தும்?

பொருநைக்கரை

அனைவருக்கும் வணக்கம். நான் திருநெல்வேலியில் சிறிய கடை வைத்திருக்கிறேன். கல்லூரியில் கணினி அறிவியல் முதலாண்டு சேர்ந்திருக்கும் என் மகளுக்காகப் பாகங்களைத் தனித்தனியே வாங்கி வீட்டிலேயே ஒரு கணினியைப் பொருத்த முடிவு செய்திருக்கிறோம். அவளுடைய நிரல் பயிற்சி, இணையவழி வகுப்புகள், என் கடைக் கணக்கு ஆகியவையே முதன்மையான வேலைகள். விளையாட்டுகளுக்கு இப்போது தேவை இல்லை. ஆனால் ஓரிரு ஆண்டுகள் கழித்து ஒரு கிராபிக்ஸ் கார்டு போட வேண்டி வரலாம்.

பழைய கணினியிலிருந்து 8 ஜிபி டிடிஆர்4 2666 ரேம் ஒன்றும், விஜிஏ இணைப்பு மட்டுமே உள்ள மானிட்டர் ஒன்றும், கேபினெட்டோடு வந்த எஸ்எம்பிஎஸ் (மின்சாரம் வழங்கும் பெட்டி) ஒன்றும் கையில் இருக்கின்றன. மதர்போர்டுக்கு 7,000 ரூபாய் வரை ஒதுக்கியிருக்கிறேன். இன்டெல் ஐ3 12100 பிராசசரோடு எச்610, ரைசன் 5 5600ஜி பிராசசரோடு ஏ520 அல்லது பி550, புதிய ஏஎம்5 சாக்கெட் (பிராசசர் அமரும் இடம்) வகையில் ஏ620 என்று மூன்று வழிகளைப் பார்த்து வைத்திருக்கிறோம். ஒரே எச்610 என்ற பெயரில் ஏறத்தாழ 2,000 ரூபாய் வித்தியாசத்தில் பல போர்டுகள் இருக்கின்றன. கடையில் கேட்டால் எல்லாம் ஒன்றுதான், விலை குறைந்ததை எடுத்துக்கொள்ளுங்கள் என்கிறார்கள். அந்த 2,000 ரூபாய் எதற்காக என்பதை விளக்கிச் சொன்னால் பெரிதும் உதவியாக இருக்கும்.

சால்டரிங்

வணக்கம் ஐயா. போர்டு பழுதுபார்ப்பதே என் தொழில் என்பதால் அந்தப் பக்கத்திலிருந்து சொல்கிறேன். சிப்செட் (போர்டின் பாகங்களை இணைத்துக் கட்டுப்படுத்தும் சில்லு) ஒன்றாக இருந்தாலும் போர்டுகள் ஒன்றல்ல. எச்610 என்ற பெயர், அந்த போர்டில் எவை இருக்கவே முடியாது என்பதைத்தான் உறுதியாகச் சொல்கிறது. ரேம் இடங்கள் இரண்டுக்கு மேல் இருக்காது; டிடிஆர்4 ரேம் 3200 வேகத்தைத் தாண்டாது; பிராசசரிலிருந்து நேரடியாக எஸ்எஸ்டிக்கு வரும் பிசிஐஇ 4.0 என்ற வேகமான தரவுப் பாதை கிடைக்காது. அதனால் இந்த போர்டுகளில் எம்.2 எஸ்எஸ்டி சிப்செட் வழியாகப் பிசிஐஇ 3.0 வேகத்தில்தான் ஓடும். உங்கள் வேலைகளுக்கு இவற்றில் எதுவும் குறையாகத் தெரியாது. வினாடிக்கு 3,000 எம்பிக்கு மேல் படிக்கும் எஸ்எஸ்டியின் வேகமே கணக்கு எழுதவும் நிரல் ஓட்டவும் தேவைக்கு மிஞ்சியது.

வித்தியாசம் முதன்மையாக விஆர்எம் பகுதியில் இருக்கிறது. எஸ்எம்பிஎஸ் தரும் 12 வோல்ட்டைப் பிராசசருக்கு வேண்டிய ஏறத்தாழ 1 வோல்ட்டுக்குக் குறைத்துக் கொடுப்பது, சாக்கெட்டைச் சுற்றியுள்ள மாஸ்ஃபெட்களும் (மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் சில்லுகள்) சுருள்களும் கப்பாசிட்டர்களும் சேர்ந்த அந்தப் பகுதிதான். வோல்ட் குறையும்போது ஆம்பியர் ஏறும் என்பதால், 65 வாட் பிராசசர்கூட முழு வேலையில் 50 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். அத்தனை மின்னோட்டமும் அந்தச் சில மாஸ்ஃபெட்கள் வழியாகத்தான் போயாக வேண்டும். மலிவான போர்டில் மாஸ்ஃபெட் எண்ணிக்கை குறைவாக இருக்கும். அவற்றின் மேல் சூட்டை வெளியேற்றும் ஹீட்சிங்க் இருக்காது. சில மாடல்களில் பிராசசருக்கான மின் இணைப்பு 8 பின்னுக்குப் பதிலாக 4 பின்னாக இருக்கும். ஐ3 12100 பிராசசரின் அடிப்படை அளவு 60 வாட், உச்ச அளவு 89 வாட் என்பதால், ஹீட்சிங்க் இல்லாத எச்610கூட அதைத் தாங்கிவிடும். அதே போர்டில் நாளை உச்ச அளவு 180 வாட் உள்ள ஐ7 12700 பிராசசரைப் போட்டால், போர்டு சூடேறி, பிராசசரின் வேகத்தைத் தானாகவே இறக்கிவிடும். வாடிக்கையாளர்கள் பிராசசரில் பழுது என்று நினைத்துக் கொண்டுவரும் கணினிகளில் இதை அடிக்கடி காண்கிறேன்.

நெல்லை வெயிலில், குளிரூட்டி இல்லாத அறையில் ஓடப்போகும் கணினி என்பதால், மாஸ்ஃபெட்கள் மேல் ஒரு ஹீட்சிங்க்காவது உள்ள போர்டுக்குச் சில நூறு ரூபாய் கூடுதலாகக் கொடுப்பதை நான் வீண் செலவாகக் கருத மாட்டேன்.

இன்னொன்று, மிக மலிவான போர்டுகள் அகலம் குறைந்தவை. வலது ஓரத்தில் திருகு போட இடம் இருக்காது. 24 பின் கேபிளை அழுத்தும்போது அந்த ஓரம் அந்தரத்தில் நின்று வளையும். வளைந்த போர்டில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் விழுந்தால் அதைச் சரிசெய்வது மிகவும் கடினம். நீங்கள் முதல் முறையாகப் பொருத்துவதாக இருந்தால், கேபினெட்டுக்குள் வைப்பதற்கு முன்பே ரேமை மேசையில் வைத்துப் பொருத்திவிடுங்கள்; 24 பின் கேபிளைச் செருகும்போது அடியில் ஒரு கையைக் கொடுத்துக்கொள்ளுங்கள்.

வைகைவாசி

சால்டரிங் அவர்கள் சொன்ன விஆர்எம் விளக்கத்தோடு முழுவதும் உடன்படுகிறேன். ஆனால் கணினி அறிவியல் படிக்கும் மாணவிக்கு நான் ரைசன் 5 5600ஜி பிராசசரையே முன்வைப்பேன். ஐ3 12100 நான்கு கோர்கள் கொண்டது; இது ஆறு கோர்கள், பன்னிரண்டு திரெட்கள் கொண்டது. இரண்டாம் ஆண்டிலிருந்து விர்ச்சுவல் மெஷின் (கணினிக்குள் இன்னொரு கணினிபோல இயங்குவது), ஆண்ட்ராய்டு எமுலேட்டர் போன்றவற்றை ஒரே நேரத்தில் திறந்து வைக்க நேரும்போது அந்த இரண்டு கோர்களின் பயன் நன்றாகவே தெரியும்.

இங்கே பலர் பணத்தை வீணாக்குவது பி550 போர்டில்தான். பி550 விலை ஏறக் காரணம் அது கிராபிக்ஸ் கார்டுக்கும் ஒரு எஸ்எஸ்டிக்கும் தரும் பிசிஐஇ 4.0. ஆனால் 5600ஜி பிராசசருக்குள் இருப்பது பிசிஐஇ 3.0 மட்டுமே. இந்த இரண்டையும் சேர்த்து வாங்கினால், காசு கொடுத்து வாங்கிய வசதி போர்டிலேயே தூங்கும். வருங்காலத்தில் 5600 அல்லது 5700எக்ஸ் போன்ற பிராசசருக்கு மாறும் எண்ணம் உறுதியாக இருந்தால் மட்டும் பி550 வாங்குங்கள்; இல்லையென்றால் ஏ520 போதும். ஏ520 போர்டில் பிராசசரை ஓவர்கிளாக் செய்ய (குறித்த வேகத்துக்கு மேல் ஓட்ட) முடியாது, ஆனால் ரேமின் எக்ஸ்எம்பி வேகத்தை, அதாவது ரேம் தயாரிப்பாளர் குறித்த வேகத்தை, இயக்க முடியும்.

ரேமைப் பற்றி இந்த இடத்தில் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். 5600ஜி பிராசசருக்குள் இருக்கும் கிராபிக்ஸ் தனக்கென்று நினைவகம் இல்லாதது. கணினியின் ரேமையே பங்கு போட்டுக்கொள்கிறது. டிடிஆர்4 3200 ஒன்று மட்டும் இருந்தால் வினாடிக்கு 25.6 ஜிபி வரை தரவு போகும். இரண்டு இருந்தால் 51.2 ஜிபி. உங்கள் கையில் இருக்கும் 2666 ரேமோடு புதிய 3200 ரேம் ஒன்றைச் சேர்த்தால் இரண்டுமே 2666 வேகத்தில்தான் ஓடும் என்றாலும், ஒற்றை ரேமோடு ஓட்டுவதைவிட அது எவ்வளவோ மேல். 2025 இறுதியிலிருந்து ரேம் விலை கடுமையாக ஏறியிருக்கும் நிலையில் அந்தப் பழைய 8 ஜிபியை ஒதுக்கிவைக்காதீர்கள்.

பழைய சரக்காகக் கிடக்கும் ஏ520 போர்டில் 5600ஜி உடனே இயங்காமல் போகலாம். அந்த போர்டு வந்தது 2020ஆம் ஆண்டு. பிராசசர் கடைகளுக்கு வந்தது 2021 ஆகஸ்ட். பயாஸ் (போர்டிலேயே பதிந்திருக்கும் தொடக்க மென்பொருள்) புதுப்பித்துத் தருவீர்களா என்று கடையில் கேட்டுவிட்டுப் பணம் கொடுங்கள். பிராசசர் இல்லாமலே பயாஸ் ஏற்றும் ஃபிளாஷ்பேக் பொத்தான் இந்த விலையில் அரிது.

அடையாறு ஆலமரம்

ஏ620 பற்றி ஒருவரும் பேசவில்லை என்பதால் எழுதுகிறேன். மூன்றில் எதிர்காலம் உள்ள சாக்கெட் ஏஎம்5 ஒன்றுதான். எச்610 போர்டில் உள்ள எல்ஜிஏ1700 சாக்கெட் இன்டெலின் 14ஆம் தலைமுறையோடு முடிந்துவிட்டது. 2024 அக்டோபரில் இன்டெல் எல்ஜிஏ1851 சாக்கெட்டுக்கு மாறிவிட்டது. ஏ520 போர்டின் ஏஎம்4 சாக்கெட் 2016 முதல் இருப்பது. ஏஎம்5 சாக்கெட்டை 2027 வரையும் அதற்குப் பின்னும் தொடர்வதாக ஏஎம்டி அறிவித்திருக்கிறது.

இருந்தும் உங்களுக்கு நான் அதைப் பரிந்துரைக்கத் தயங்குகிறேன். ஏஎம்5 டிடிஆர்5 ரேமை மட்டுமே ஏற்கும்; உங்கள் பழைய ரேம் பயன்படாது; போர்டும் உங்கள் 7,000 ரூபாய்க்குள் அடங்குவது கடினம். தவிர, இந்த வகையில் மலிவான பிராசசர்களில் ஒன்றான ரைசன் 5 8500ஜி, கிராபிக்ஸ் கார்டுக்கு நான்கு லேன்களை (பிசிஐஇ தரவுப் பாதைகளை) மட்டுமே ஒதுக்குகிறது. பின்னால் கார்டு போட நினைப்பவர் அதைத் தெரிந்துகொண்டே வாங்க வேண்டும். ரேம் விலை இறங்கும் காலத்தில் வேறொருவர் இதே கேள்வியைக் கேட்டால், தயங்காமல் ஏ620 போர்டோடு ரைசன் 5 7600 என்று சொல்வேன்.

கன்னிமாரா வாசகர்

பழைய மானிட்டர் பற்றிய கவலைக்கு விடை எளிது. எச்610, ஏ520 இரண்டிலுமே விஜிஏ இணைப்புள்ள மாடல்கள் நிறைய உண்டு. பின்பக்கப் படத்தைப் பார்த்து உறுதி செய்துகொண்டால் போதும். ஆனால் இன்டெல் பக்கம் போனால் 12100 என்று மட்டும் கேளுங்கள், 12100எஃப் வாங்கிவிடாதீர்கள். எஃப் என்ற எழுத்து உள்ள பிராசசருக்குள் கிராபிக்ஸ் இல்லை. போர்டில் எத்தனை இணைப்புகள் இருந்தாலும் திரையில் படம் வராது. விலை சற்றுக் குறைவு என்பதால் கடைகளில் அதைத்தான் முதலில் எடுத்துத் தருவார்கள். 12100 பிராசசருக்குச் சாதகமாக ஒன்றைச் சொல்ல வேண்டும்: இன்று யூடியூபில் பரவலாக இருக்கும் ஏவி1 வகைக் காணொளிகளை அதன் கிராபிக்ஸ் தானே கையாளும். 5600ஜி அந்தச் சுமையைக் கோர்களின் மேல் ஏற்றும்.

எச்610 போர்டுகள் டிடிஆர்4, டிடிஆர்5 என்று இரு வகைகளிலும் ஏறத்தாழ ஒரே பெயரில் வருகின்றன. இரண்டு ரேம்களுக்குமே 288 பின்கள்தாம், ஆனால் வெட்டு வேறு இடத்தில் இருப்பதால் ஒன்றில் மற்றது நுழையாது. பெயரின் இறுதியில் டி4 அல்லது டிடிஆர்4 என்று இருக்கிறதா என்று பெட்டியிலேயே பாருங்கள்.

சென்னை ரிச்சி தெருவிலும் மற்ற ஊர்க் கடைகளிலும் எச்61, எச்81 போர்டுகளைப் புதியவை என்று பழைய ஐ5 பிராசசரோடு சேர்த்து மிகக் குறைந்த விலைக்குத் தருகிறார்கள். எச்61 என்பது 2011ஆம் ஆண்டின் சிப்செட். அந்தத் தலைமுறைப் பிராசசர்கள் விண்டோஸ் 11 தேவைகளை நிறைவு செய்யாதவை. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவோ 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. நான்கு ஆண்டுகள் படிக்கப்போகும் பிள்ளைக்கு அதை வாங்கித் தராதீர்கள். நீங்கள் குறித்துவைத்திருக்கும் மூன்று வழிகளிலும் விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி பிராசசரோடே வந்துவிடுகிறது. அதற்கென்று தனிப் பாகம் தேவையில்லை.

பொருநைக்கரை

இவ்வளவு பொறுமையாக விளக்கிய அனைவருக்கும் நன்றி. பதில்களை மகளும் படித்துவிட்டாள். விர்ச்சுவல் மெஷின் இரண்டாம் ஆண்டுப் பாடத்திலேயே இருக்கிறது என்பதால் 5600ஜி, ஏ520 என்று முடிவு செய்திருக்கிறோம். பழைய ரேமோடு இன்னொரு 8 ஜிபி சேர்க்கிறோம். பழைய எஸ்எம்பிஎஸ்ஸையே பயன்படுத்தலாமா, கடையில் போர்டை வாங்கும்போது எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்பதை மட்டும் சொல்லுங்கள்.

சால்டரிங்

நல்ல முடிவு. கேபினெட்டோடு இலவசமாக வந்த எஸ்எம்பிஎஸ்ஸைப் புதிய போர்டில் இணைக்காதீர்கள். மேலே 450 வாட் என்று ஒட்டியிருப்பதற்கும் உள்ளே இருப்பதற்கும் பெரும்பாலும் தொடர்பு இருக்காது. அது எரியும்போது தான் மட்டும் எரியாமல் போர்டையும் சேர்த்துக் கொண்டுபோவதை என் மேசையில் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். 80 பிளஸ் என்ற மின்திறன் சான்று பெற்ற, பிராசசருக்கு 8 பின் கேபிள் உள்ள ஒன்றை வாங்குங்கள். பின்னால் போடப்போகும் கிராபிக்ஸ் கார்டுக்கும் அதுவே உதவும். மின்சாரம் ஏறி இறங்கும் பகுதி என்றால் யுபிஎஸ்ஸும் வேண்டும்.

ஏஎம்4 வகையில் பின்கள் பிராசசரின் அடியில் இருக்கும். ஆகையால் பிராசசர் பெட்டியைக் கடையிலேயே திறந்து, பின்கள் வரிசை பிசகாமல் நேராக நிற்கின்றனவா என்று வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். வளைந்த பின்னுக்கு உத்தரவாதம் கிடைக்காது. முடிந்தால் கடையிலேயே பிராசசரையும் இரண்டு ரேம்களையும் பொருத்தி, பயாஸ் திரையில் 16 ஜிபி முழுவதும் தெரிகிறதா, டூயல் சேனல் (இரண்டு ரேம்களும் சேர்ந்து இயங்குவது) என்று காட்டுகிறதா என்று பாருங்கள். பழைய சரக்கு என்றால் பயாஸ் புதுப்பிப்பதும் அங்கேயே முடிந்துவிடும். போர்டின் வரிசை எண்ணை ஜிஎஸ்டி ரசீதில் எழுதி வாங்குங்கள். உத்தரவாதக் காலத்தில் சர்வீஸ் மையத்தில் முதலில் கேட்பது அதைத்தான்.