மறு: ‘இன்சுலின் எதிர்ப்பு’க்கு மாற்றாக ‘இன்சுலின் மந்தம்’

சுங்கை சிப்புட், பேராக்கிலிருந்து:

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

மருத்துவச் சொற்களைத் தமிழாக்குவது பற்றி இந்த இழையில் வந்த மடல்கள் எல்லாவற்றையும் படித்தேன். என் முன்மொழிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ரத்தச் சர்க்கரையைக் கட்டுப்படுத்தும் இன்சுலினுக்கு உடம்பு சரியாக இணங்காத நிலைதான் ‘இன்சுலின் ரெசிஸ்டன்ஸ்’. அதற்கு நாம் எழுதிவரும் ‘இன்சுலின் எதிர்ப்பு’ வேண்டாம். ‘இன்சுலின் மந்தம்’ என்று வைத்துக்கொள்ளலாம்.

மலேசியாவில் எங்கள் ஊர்க் கோயில் மண்டபத்தில் வெள்ளிக்கிழமைப் பூசை முடிந்ததும் இனிப்பு நீர் நோயை, அதாவது நீரிழிவைப் பற்றிய துண்டறிக்கையைப் படித்துக் காட்டுகிறோம். வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரு காலத்தில் பால்மரம் (ரப்பர்) வெட்டியவர்கள், செம்பனைத் தோட்டத்தில் இன்னும் வேலை செய்பவர்கள், அவர்களுடைய பிள்ளைகள். அறிக்கையின் ஒரே பக்கத்தில் ‘எதிர்ப்பு’ மூன்று இடத்தில் வருகிறது. நோய் எதிர்ப்பை வளர்த்துக்கொள்ளுங்கள் என்று மேலே. இன்சுலின் எதிர்ப்பு ஆபத்து என்று நடுவில். எதிர்ப்புப் பயிற்சி செய்தால் இன்சுலின் எதிர்ப்பு குறையும் என்று கீழே. முன்வரிசையில் இருந்த ஓர் அம்மா கேட்டார்: “எதிர்ப்பு ஒடம்புல இருந்தா நல்லதுதானே சார், அத ஏன் கொறைக்கணும்?” பக்கத்தில் இருந்தவர் அதை வேறுமாதிரி எடுத்துக்கொண்டிருந்தார். கிளினிக்கில் இன்சுலின் ஊசி போடச் சொல்லியும் வேண்டாமென்று தள்ளிப்போட்டு வருகிறவர் அவர். ஊசியை எதிர்க்கிற தன்னைப் போன்றவர்களைத்தான் அறிக்கை குறை சொல்கிறது என்று நினைத்துவிட்டார். இருவருமே தமிழ்ச் சொல்லுக்குத் தமிழில் உள்ள பொருளைத்தான் எடுத்துக்கொண்டார்கள். சொல் அவர்களுக்கு உதவவில்லை.

> ‘இன்சுலின் தடை’ என்றோ ‘இன்சுலின் தடுப்பு’ என்றோ சொன்னால் சிக்கல் தீராதா?

தீராது என்றே நினைக்கிறேன். ‘தடை’ என்றால் அரசாங்கம் போடும் தடைதான் முதலில் நினைவுக்கு வரும். ‘தடுப்பு’ அதைவிட மோசம். இன்சுலின் ஊசியாகப் போடுவது, தடுப்பூசியும் ஊசிதான். இரண்டையும் ஒன்றாக்கிவிடுவார்கள்.

உடம்புக்குள் நடப்பதைப் பார்த்துச் சொல்லைத் தேர்ந்தெடுப்போம். நாம் சாப்பிட்டதும் ரத்தத்தில் குளுக்கோஸ் ஏறுகிறது. கணையத்தில் உள்ள பீட்டா செல்கள் இன்சுலினை ரத்தத்தில் விடுகின்றன. தசை, கொழுப்பு செல்கள் அந்தச் சேதியைக் கேட்டு குளுக்கோஸை உள்ளே இழுத்துக்கொள்கின்றன. கல்லீரல் தன் பங்குக்குச் சர்க்கரையை வெளியே விடுவதைக் குறைக்கிறது. ரெசிஸ்டன்ஸ் வந்த உடம்பில் இன்சுலின் இருக்கிறது, செல்களும் உயிரோடு இருக்கின்றன, சேதிதான் சரியாக உறைக்கவில்லை. எதிர்ப்பதற்கு அங்கே யாரும் இல்லை. காது மந்தமானவரிடம் குரலை உயர்த்திப் பேசுவதுபோல, கணையம் கூடுதலாக இன்சுலினைச் சுரந்து சமாளிக்கிறது. அதனால்தான் ஆண்டுக்கணக்கில் ரத்தப் பரிசோதனையில் சர்க்கரை அளவு ஒழுங்காகவே தெரியும். மறைவில் கணையத்துக்கு ஓய்வே கிடையாது.

‘மந்தம்’ இதற்குப் பொருந்துகிற இன்னொரு காரணமும் உண்டு. மந்தம் தெளியும் என்று தமிழில் சொல்வோம். எதிர்ப்பைத் தெளியவைக்க முடியாது, அடக்கத்தான் முடியும். இந்த நிலையைப் பொறுத்தவரை ‘தெளிதல்’தான் அறிவியலுக்கு நெருக்கமான வினை. தசை சுருங்கி விரியும்போது குளுக்கோஸை உள்ளே விடும் குளுட்-4 என்ற கடத்திகள், இன்சுலின் சொல்லாமலே செல்லின் மேற்பரப்புக்கு வந்துவிடுகின்றன. நடக்கும்போதே இது நடக்கிறது. நடந்து முடித்த பிறகும் ஒரு நாள், சில சமயம் இரண்டு நாள் வரைக்கும் தசை இன்சுலினுக்கு நன்றாகக் காதுகொடுக்கிறது. அப்புறம் பழையபடி மந்தமாகிவிடும். வாரத்தில் ஒரு நாள் மட்டும் வியர்க்க வியர்க்க ஓடிவிட்டு மற்ற நாட்களில் உட்கார்ந்திருப்பது போதாது என்பதற்குக் காரணம் இதுதான். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு வாரம் 150 நிமிட மிதமான உடலுழைப்பும், இரண்டு நாளாவது தசைக்கு வலுவூட்டும் பயிற்சியும் வேண்டும் என்கிறது.

அந்தத் தசைப் பயிற்சியைத்தான் ‘எதிர்ப்புப் பயிற்சி’ என்று மொழிபெயர்த்திருக்கிறார்கள். ‘பளுப் பயிற்சி’ என்று எழுதினால் யாருக்கும் ஐயம் வராது. பால் வாளியைத் தூக்கிக்கொண்டு ஸ்டோர் வரைக்கும் மேடும் பள்ளமுமாக நடந்தவர்களுக்குப் பளு என்றால் என்னவென்று நாம் விளக்கத் தேவையில்லை. அந்த வேலை போய்விட்டது, உடம்பு மட்டும் அதே சாப்பாட்டைக் கேட்கிறது. எனக்குப் பெரிய கவலை இதில்தான்.

> ‘சுகரி டிரிங்க்ஸ்’ என்பதை ‘இனிப்பு நீர்’ என்று மொழிபெயர்த்தால் எளிமையாக இருக்குமே?

கோயம்புத்தூர் நண்பர் நல்லெண்ணத்தோடுதான் எழுதியிருக்கிறார். ஆனால் தயவுசெய்து வேண்டாம். மலேசியத் தமிழர்களுக்கு ‘இனிப்பு நீர்’ என்றால் நீரிழிவு நோய். ‘அவருக்கு இனிப்பு நீர், கால எடுத்துட்டாங்க’ என்றுதான் இங்கே பேசுவோம். ‘இனிப்பு நீர் குடிக்காதீர்கள்’ என்று எழுதினால் படிப்பவர் திகைத்துப்போவார். எங்களுக்குச் சர்க்கரை என்பதும் பேச்சில் சீனிதான். ஆகவே ‘சீனிப் பானம்’ என்கிறேன். டின்னில் வருவது, பாக்கெட்டில் வருவது, கடையில் கலக்கித் தருவது எல்லாம் இதில் அடங்கும். ‘குளிர்பானம்’ என்று எழுதினால் தே தாரிக் என்ற பால் தேநீரும் சூடான மைலோவும் தப்பித்துக்கொள்ளும்.

அவை தப்பக்கூடாது. 2019 ஜூலை 1 முதல் மலேசியாவில், 100 மில்லிலிட்டரில் 5 கிராமுக்கு மேல் சர்க்கரை உள்ள ஆலைப் பானங்களுக்கு லிட்டருக்கு 40 சென் வரி வந்தது. 2024 தொடக்கத்தில் அது 50 சென் ஆனது, பிறகு இன்னும் கூடியது. சாப்பாட்டுக் கடையில் கலக்கும் தேநீருக்கு இந்த வரி இல்லை. அதில் ஊற்றும் இனிப்புக் கட்டிப்பாலில் ஏறக்குறைய பாதி சர்க்கரைதான். டின் பானத்துக்காவது மேலே எழுதியிருக்கும்: 100 மில்லிலிட்டருக்கு 10 கிராம் என்று போட்ட 320 மில்லிலிட்டர் டின்னைக் குடித்தால் 32 கிராம், அதாவது 8 தேக்கரண்டிச் சீனி. ஒரு நாளைக்கு ஏறத்தாழ 25 கிராமுக்குள் நிறுத்துவது நல்லது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. ஒரே டின்னில் அதைத் தாண்டிவிடுகிறோம். மென்று தின்ன எதுவும் இல்லாததால் வயிறு நிறைந்த உணர்வும் வருவதில்லை. சர்க்கரை வேகமாக ரத்தத்தில் ஏறுகிறது. அதிலுள்ள ஃபிரக்டோஸ் என்ற சர்க்கரை வகையில் பெரும்பகுதி கல்லீரலுக்குப் போகிறது. அளவு மீறினால் அங்கே கொழுப்பாகிறது. கொழுப்பேறிய கல்லீரல் இன்சுலினுக்கு இன்னும் மந்தமாகிறது. சுமை திரும்பவும் கணையத்தின் தலையில்தான் விழுகிறது.

‘இன்சுலின்’ என்பதையே ‘கணைய நீர்’ என்று தமிழாக்கலாம் என்ற கருத்தை ஏற்க முடியவில்லை. கணையம் இரண்டு வேலை செய்கிறது. செரிமானத்துக்கான நீரைக் குடலில் விடுவது ஒன்று. கணைய நீர் என்ற பெயர் அதற்குத்தான் உரியது. இன்சுலினை ரத்தத்தில் விடுவது மற்றொன்று. பால் லாங்கர்ஹான்ஸ் 1869-இல் கண்டெழுதிய, தீவுகள் போன்ற செல் கூட்டங்களிலிருந்து அது வருவதால், தீவைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து பெயர் வைத்தார்கள். இன்சுலின் எங்கள் லயத்து வீடுகளில் குளிர்பெட்டி வரைக்கும் வந்துவிட்ட சொல். அது இருக்கட்டும்.

கடைசியாக ஒன்று. ஓய்வில்லாமல் சுரந்து பீட்டா செல்கள் தளர்ந்துபோவதற்கு ‘கணைய அயர்ச்சி’ என்றும், செல்களின் எண்ணிக்கையே குறைந்துபோவதற்குக் ‘கணையத் தேய்வு’ என்றும் தனித்தனியே வைக்கலாம். பிரிட்டனில் நடந்த பெரிய நீரிழிவு ஆய்வில், நோய் கண்டுபிடிக்கப்பட்ட சமயத்திலேயே பீட்டா செல்களின் திறன் சுமார் பாதிதான் மிஞ்சியிருந்தது. அயர்ச்சிக்கு ஓய்வு கொடுத்தால் கொஞ்சம் மீளும். தேய்வுக்கு அப்படிச் சொல்ல முடியாது. ஆகவே இரண்டுக்கும் ஒரே சொல் போதாது.

—

சென்னையிலிருந்து:

ஐயா, வணக்கம். ‘சீனிப் பானம்’ எனக்கு முழுச் சம்மதம். ‘பளுப் பயிற்சி’யும் சரி. ‘மந்தம்’ மட்டும் உறுத்துகிறது. என் நோயாளிகளிடம் அந்தச் சொல்லைச் சொன்னால் ‘மந்தபுத்தி’ என்று எடுத்துக்கொள்வார்களோ என்று பயம். ஈழத்து நண்பர் முன்பு சொன்ன ‘இன்சுலின் ஏலாமை’யைப் பரிசீலிக்கலாமே? ஆனால் நீங்கள் ‘தெளிதல்’ பற்றிச் சொன்னதற்கு இங்கேயே சான்று இருக்கிறது. நீரிழிவுக்கு முந்தைய நிலையில் இருந்தவர்களிடம் நடத்தி 2006-இல் வெளியான இந்திய ஆய்வில், உணவிலும் நடையிலும் மாற்றம் செய்தவர்களுக்கு நோய் வரும் வாய்ப்பு 28.5 விழுக்காடு குறைந்தது. மெட்ஃபார்மின் என்ற நீரிழிவு மாத்திரையும் கிட்டத்தட்ட அதே அளவுதான் குறைத்தது. நடக்கச் சொன்னது நாளுக்கு அரை மணி நேரம்.

—

சுங்கை சிப்புட், பேராக்கிலிருந்து:

டாக்டரம்மா, நன்றி. அந்த அரை மணி நேரத்தை அறிக்கையில் சேர்த்துவிட்டேன்.

‘ஏலாமை’ அழகான சொல். யாழ்ப்பாணத்தில் ‘ஏலாது’ தினமும் புழங்குவதால் அங்கே உடனே புரியும். எங்களுக்கு ‘முடியாமை’ என்று கேட்கிறது, இனி ஒன்றும் செய்ய முடியாது என்ற பொருளும் கூடவே வந்துவிடுகிறது. மந்தபுத்தி பற்றிய உங்கள் தயக்கம் நியாயமானதே. அதனால் தனியாக ‘மந்தம்’ என்று எந்த இடத்திலும் எழுத வேண்டாம், எப்போதும் ‘இன்சுலின் மந்தம்’ என்றே சேர்த்து எழுதுவோம். நோயாளியை ‘மந்தமானவர்’ என்று சொல்லவே கூடாது. ‘தசையில் இன்சுலின் மந்தம் ஏற்பட்டிருக்கிறது, நடந்தால் தெளியும்’ என்ற வாக்கியத்தை மண்டபத்தில் படித்துப் பார்த்தோம். ஊசி வேண்டாம் என்றிருந்தவர், “அப்ப என் கணையம் இத்தன நாளா தனியா மாரடிச்சிட்டு இருந்திருக்கு” என்றார். ஊசி அந்தச் சுமையில் ஒரு பங்கை வாங்கிக்கொள்ளும் என்று கிளினிக் மிஸ்ஸி (தாதி) அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து விளக்கினார். அவர் மறுபடியும் மறுக்கவில்லை, யோசித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறார்.

அடுத்த அச்சுக்கு இந்த ஐந்தும் போகின்றன: இன்சுலின் மந்தம், இன்சுலின் மந்தம் தெளிதல், சீனிப் பானம், பளுப் பயிற்சி, கணைய அயர்ச்சி. ‘கணையத் தேய்வு’ இன்னும் எனக்குத் திருப்தியாக இல்லை. எலும்புத் தேய்மானத்தோடு குழம்புமோ என்று தோன்றுகிறது. ‘பீட்டா செல் இழப்பு’ என்று வெளிப்படையாகவே எழுதிவிடலாமா? நோயாளிகளோடு நாள்தோறும் பேசுகிற மருத்துவர்கள், தாதியர் யாராவது குழுமத்தில் இருந்தால் சொல்லுங்கள்.