இஸ்திரி அண்ணனின் கை

அண்ணி (தண்டையார்பேட்டை): எங்கள் தெருமுனையில் இஸ்திரி போடும் அண்ணன் கையில் பெரிய கொப்புளம். கரிப்பெட்டி பட்டிருக்கு. எப்போது சுட்டது என்று அவருக்கே தெரியவில்லை. சுண்டுவிரலும் மோதிரவிரலும் உள்ளே மடங்கியிருக்கு. பெருவியாதியா, அதான் தொழுநோயா இருக்குமோ?

தம்பி (வியாசர்பாடி): ஐயோ, துணி கொடுக்காதீங்க அண்ணி. குழந்தை இருக்கிற வீடு.

பெரியம்மா (ராயபுரம்): துணி வழியா அது வராது கண்ணா. உன் தாத்தாவுக்கும் அந்த ரெண்டு விரல்தான் முதலில் மடங்கியது. அவர் மடியில்தான் நீ வளர்ந்தாய்.

தம்பி: தாத்தாவுக்கா?? மில்லில் அடிபட்டது என்றுதானே சொன்னீங்க!

பெரியம்மா: ஊர் வாய்க்குப் பயந்து சொன்னது. வீட்டில் கல்யாணத்துக்கு மூன்று பெண்கள் இருந்தோமே. 1962இல் வேலூர் பக்கத்தில் கரிகிரி தொழுநோய் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன். பால் பிராண்ட் டாக்டர் வேலூரில் தொடங்கிவைத்த முறை. வெள்ளைக்காரர்தான், ஆனால் 1914இல் நம் கொல்லிமலையில் பிறந்தவர்.

பெரியம்மா: செங்கல்பட்டில் விரல் மடங்கிய ஒருவரைத் தன் கையை அழுத்திப் பிடிக்கச் சொன்னாராம். உடும்புப்பிடி! அப்படியென்றால் நல்ல தசை மிச்சம் இருக்கு, கெட்டது சில நரம்புதான். அந்த நல்ல தசையின் நாணை, அதாவது தசையை எலும்போடு கட்டும் கயிறு மாதிரியானதை, மடங்கிய விரலுக்கு மாற்றித் தைத்தார்.

பெரியம்மா: கட்டுப் பிரித்த பிறகுதான் பாடு. மாற்றிய தசைக்குப் புது வேலை பழக்கணும். அப்பா வாரக்கணக்கில் தீக்குச்சியைக் கொட்டிக் கொட்டிப் பொறுக்குவார். ரசம் சோற்றைத் தன் கையாலேயே பிசைந்து சாப்பிட்ட அன்று அம்மா அடுப்படியில் நின்று அழுதாள்.

தம்பி: விரல் உதிர்ந்துவிடும் என்பார்களே?

பெரியம்மா: தானாக உதிராது. வலி தெரியாததால் சுட்டும் வெட்டியும் புண்ணாகித்தான் விரல் போகும். பிராண்ட் டாக்டர் இதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார். அதனால்தான் அப்பா ராத்திரி விளக்கடியில் உள்ளங்காலைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். செருப்பை உதறாமல் போடமாட்டார்.

தம்பி: ஆமாம், உதறுவார்! பூச்சிக்காக என்று நினைத்தேன்.

அண்ணி: இவருக்கு இப்போ என்ன செய்யலாம் அத்தை?

பெரியம்மா: நாளைக்கே ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரியில் தோல் பிரிவுக்குக் கூட்டிப் போ. சர்க்கரையாலும் மரத்துப் போகும், டாக்டர் பார்த்துச் சொல்லட்டும். அதுவே என்றாலும் மாத்திரை இலவசம், 6 மாதமோ 12 மாதமோ. கை ஆபரேஷனுக்கும் அங்கேயே தனிப் பிரிவு இருக்கு. தெருவில் யாரிடமும் நோய்ப் பெயரை எடுக்காதே.

தம்பி: ஏழரைக்கு வண்டியோடு வருகிறேன் அண்ணி. நான் சொன்னதை மனசில் வைக்காதீங்க.

அண்ணி: சரிப்பா. பெட்டிக் கைப்பிடிக்குக் கனமான துணியில் ஒரு உறை தைக்கிறேன்.