கடலைப் பார்த்த சுவரில் அலமாரி: அட்வான்ஸ் குடுக்கலாமா?

கேள்வி (கீழக்கரை)
அடுக்குமாடியில ரெண்டாவது மாடி. படுக்கையறை 10க்கு 11 அடி. தெக்குச் சுவர் 10 அடி, அதுக்கு அந்தப் பக்கம் கடல். அந்தச் சுவர் முழுக்க தரையிலேர்ந்து சீலிங் வரைக்கும் அலமாரி வேணும். கைப்பிடி கிடையாது, வெள்ளை மேட் லேமினேட், மூடியிருந்தா சுவர் மாதிரியே தெரியணும். ஆசாரி சுவரோட ஒட்டி அடிச்சு ஸ்லைடிங் கதவு போட்டுடலாம்ங்கிறார். பலகை "வாட்டர்ப்ரூஃப்"னு சொல்றார். முன்னாடி இருந்த வாடகை வீட்டு அலமாரியில பட்டுப்புடவையெல்லாம் பூஞ்சை, கீல் எல்லாம் துரு. திரும்ப அப்படி ஆகிடுமோ? நாளைக்கு அட்வான்ஸ் கேக்கிறார்.

மண்டபம், மரவேலை
தங்கச்சி, நாளைக்குக் குடுக்காதீங்க. வாட்டர்ப்ரூஃப்னு வாயால சொல்றது போதாது, பலகையில ஐ.எஸ். 710 (மரைன் ப்ளைவுட்) முத்திரை இருக்கான்னு பாருங்க. எம்.ஆர். தரம்னா, அது ஈரத்தை ஓரளவுக்குத்தான் தாங்கும், வேண்டாம்.

ஆனா உங்களுக்குப் பலகையை விடச் சுவர்தான் பிரச்சினைன்னு எனக்குப் படுது. ரெண்டடிக்கு ரெண்டடி பாலித்தீன் ஷீட்டை அந்தச் சுவர்ல நாலு ஓரமும் டேப் போட்டு ஒட்டி, ரெண்டு நாள் விடுங்க. ஷீட்டுக்கு உள்பக்கம் துளி நின்னா சுவரே ஓதம் விடுது. வெளிப்பக்கம் நின்னா அறைக் காத்துல உள்ள ஈரம். முதல் கேஸ்னா எந்தப் பலகையும் தாங்காது.

ஸ்லைடிங் பத்தி: 10 அடி அறையில அது தேவையே இல்லை. ட்ராக்குக்கே 3, 4 அங்குலம் போயிடும். சட்டை மாட்ட உள்ளே 22 அங்குல ஆழம் வேணும். கடற்கரை மணல் கீழ் ட்ராக்ல சேந்தா, தள்ளும்போது கரகரன்னு சத்தம் வரும். 18 அங்குல அகலத்துல கீல் கதவாப் போட்டு, ஓரத்துல விரல் விடுற பள்ளம் வெட்டச் சொல்லுங்க. கைப்பிடி தெரியாது.

கீழக்கரை, இன்னொருவர்
பி.வி.சி. பலகை போட்டுட்டாப் போச்சு. கரையானும் வராது, ஊறாது.

மண்டபம், மரவேலை
உண்மைதான் அண்ணே. ஆனா சீலிங் உயரக் கதவுக்கு அதுல திருகாணி பிடி நிக்காது, நாளாவட்டத்துல கதவு தொங்கிடும்.

தங்கச்சிமடம்
எங்க வீட்ல மூடின பெட்டி மாதிரி அழகாத்தான் அடிச்சோம். வாடைக்காத்து மாசத்துல தொறந்தா ஈரத்துணி வாடை. பிறகு கீழேயும் மேலேயும் காத்துத் துவாரம் வெட்டினோம், பின்னாடி ஒரு அங்குலம் இடைவெளி விட்டோம். அதுலேர்ந்து வாடை இல்லை. அடியில நாலு அங்குல பிளாஸ்டிக் கால் வைங்க, துடைக்கிற தண்ணி பலகையில படாது. கீல் 304 ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்னு எழுதி வாங்கிக்கோங்க, சாதா நிக்கல் பூச்சு கச்சான் காத்து ரெண்டு சீசன்கூட எங்களுக்குத் தாங்கல. ஜரிகைப் புடவை பிளாஸ்டிக் கவர்ல வேண்டாம், வெள்ளைப் பருத்தித் துணியில சுத்துங்க. பாச்சை உருண்டை ஜரிகைமேல படக் கூடாது.

கேள்வி கேட்டவர், மூணு நாள் கழிச்சு
உள்பக்கம்தான் துளி! சுவர் அடியில சுண்ணாம்பு பொரிஞ்சும் இருக்கு, இத்தனை நாள் கட்டில் மறைச்சிருந்துச்சு. வெளிச்சுவர் பூச்சுக்கு ஆள் சொல்லியாச்சு. அலமாரியை மேக்குச் சுவருக்கு மாத்தி, கதவைக் கீல் கதவாக்கி ஆசாரி திரும்ப வரைஞ்சு தந்தார். முகம் கொஞ்சம் சுண்டிப்போச்சு அவருக்கு. அம்மாவோட இரும்பு பீரோவை எங்க வைக்கிறதுன்னுதான் இப்போ வீட்ல பேச்சு.