தொண்ணூறுகளுக்கு ஒரு படம் சொல்லுங்களேன்

பத்தாண்டுக்கு ஒரு படம் என்று எனக்குப் பிடித்ததைப் பட்டியல் போட உட்கார்ந்தேன், எழுபதுகளிலேயே மாட்டிக்கொண்டேன். 1978-இல் மட்டும் ‘முள்ளும் மலரும்’, ‘அவள் அப்படித்தான்’ இரண்டும், அடுத்த வருஷமே ‘உதிரிப்பூக்கள்’, எதை விடுவது? கடைசியில் ஊரே திரண்டு விஜயனை ஆற்றங்கரைக்குக் கொண்டுபோகும் அந்தக் காட்சிக்காக ‘உதிரிப்பூக்கள்’ தேறியது. எண்பதுகளுக்குக் குழப்பமே இல்லை, பாலு மகேந்திராவின் ‘வீடு’. பாட்டே கிடையாது, ஆனால் கட்டி முடியாத வீட்டுச் சுவரைத் தாத்தா தடவிப் பார்ப்பாரே, போதும்.

தொண்ணூறுகள்தான் சிக்கல். ‘மகாநதி’ பார்த்தாயிற்று, ரொம்பப் பிடிக்கும், ஆனால் இன்னொரு முறை பார்க்கத் தெம்பு இல்லை. அதே காலத்தில் சத்தம் போடாமல் கதை சொன்ன படம் ஏதாவது தெரிந்தால் சொல்லுங்கள். அப்புறம், ‘அவள் அப்படித்தான்’ தெளிவான பிரதி எங்கே பார்க்கலாம்?