தேயிலை மலை மேசையில் பார்வைக்கோடு: மேல் தட்டில் நிற்பவருக்குக் கீழே எல்லாம் தெரியுமா?

ஹட்டன்_தம்பி:
வணக்கம். பொம்மைப் போர் விளையாட்டுக்காக ரிஜிபோம் (தெர்மாகோல்) வெட்டி ஒட்டி, தேயிலை மலை மாதிரி ஒரு மேசை செய்திருக்கிறோம். ஒரு பக்கம் இரண்டு தட்டு நேராக இறங்கி 5 சென்டிமீட்டர் சுவராக இருக்கிறது. பொம்மைகள் 28 மில்லிமீட்டர் அளவு. ஆடுவது ஒன் பேஜ் ரூல்ஸின் கிரிம்டார்க் ஃபியூச்சர்.

கூட்டாளியின் ஆட்கள் மேலே, விளிம்பிலிருந்து 5 சென்டிமீட்டர் உள்ளே நிற்கிறார்கள். என் ஆட்கள் கீழே சுவரோடு ஒட்டி. மேலே நிற்பதால் சுடலாம் என்கிறான். சுடலாமா? பாத்திரம் தேய்க்கிற பச்சை நாரில் தேயிலை வரிசையும் வைத்திருக்கிறோம், உயரம் ஒன்றரை சென்டிமீட்டர். அது மறைப்பா, காப்பா?

பண்டாரவளை_பகடை:
சுட முடியாது தம்பி. அந்த விதியில் பொம்மையின் கண் மட்டத்துக்குக் குனிந்து பார்க்க வேண்டும். நடுவில் திடமான பொருள் இல்லாமல் நேர்கோடு போனால்தான் பார்வை. மேலே நிற்பதால் மட்டும் பார்வை கிடைத்துவிடாது. மேல் ரோட்டில் உள்ளே தள்ளி நின்றால், கல்கட்டுக்குக் கீழே கொழுந்து எடுப்பவர் நமக்குத் தெரியமாட்டார் அல்லவா, அதேதான்.

கணக்குப் போட்டும் பார்க்கலாம். கண் 28 மில்லிமீட்டர் உயரத்தில், விளிம்பு 50 தூரத்தில். கீழே நிற்பவரின் உச்சந்தலை விளிம்புக்கு 22 கீழே. 22ஐ 50ஆல் பெருக்கி 28ஆல் வகுத்தால் 39. அதாவது சுவரிலிருந்து ஏறக்குறைய 4 சென்டிமீட்டர் வரை முழு மறைவு. அவன் விளிம்புக்கே வந்து நின்றால் இந்த மறைவு போய்விடும், ஆனால் உன் ஆட்களும் அவனைச் சுடலாம். ஒற்றைத் தட்டுச் சுவர் என்றால் தலை விளிம்புக்கு மேல் கொஞ்சம் நீட்டும், மறையாது.

கண்டி_களம்:
கணக்கு சரி. ஆனால் விளையாட்டுக்கு விளையாட்டு மாறும். வார்ஹாமர் 40,000இன் பத்தாம் பதிப்பில் (2023) பார்ப்பவரின் எந்தப் பாகத்திலிருந்தும் இலக்கின் எந்தப் பாகமும் தெரிந்தால் போதும், கண் மட்டும் என்றில்லை. இன்ஃபினிட்டி என்ற விளையாட்டில் பொம்மையின் தோரணையைப் பார்ப்பதே இல்லை, குறித்த உயரமுள்ள உருளையாக எடுத்துக்கொள்வார்கள். எனக்கு அதுதான் நியாயமாகப் படுகிறது. மண்டியிட்ட பொம்மை வாங்கியவனுக்கு மட்டும் ஏன் கூடுதல் மறைவு?

ஹட்டன்_தம்பி:
நன்றி அண்ணா, கணக்கு விளங்கிவிட்டது. மேசையின் நடுவில் குனிந்து பார்க்க முடியாத இடத்தில் என்ன செய்வது? தேயிலை வரிசைக்கும் சொல்லுங்கள்.

பண்டாரவளை_பகடை:
போனைத் தலைகீழாகப் பிடி. கேமரா கீழே வரும், பொம்மையின் கண் மட்டத்துக்குக் கொண்டுபோகலாம். சந்தேகம் வந்தால் ஒரு நூலை இழுத்துப் பார். லேசர் வேண்டாம், எதிரே குனிந்திருப்பவரின் கண்ணில் படும்.

தேயிலை இடுப்பளவுதான், அதனால் பார்வையை மறைக்காது. அணியில் பாதிக்கு மேற்பட்டோர் வரிசைக்குள்ளோ பின்னாலோ இருந்தால் காப்பு உண்டு, சூட்டைத் தடுக்கும் பகடைக்கு 1 கூட்டிக்கொள்ளலாம். மேலிருந்து செங்குத்தாகச் சுடும்போதும் அந்த 1 உண்டா என்பதை ஆட்டம் தொடங்குமுன் இருவரும் பேசி எழுதி வையுங்கள். நாங்கள் கொடுத்துவிடுகிறோம். செடிக்குள் இறங்கியவனுக்கு ஏதாவது பலன் இருக்க வேண்டும்.