ரெட்டினா கிழிசலுக்கு லேசர் பண்ணவங்க யாராவது இருக்கீங்களா?

வணக்கம் மக்களே, வலது கண்ணுல ரெட்டினா (கண்ணுக்குள்ள பின்னாடி இருக்க விழித்திரை) ஒரு இடத்துல கிழிஞ்சிருக்குன்னு போன வாரம் லேசர் பண்ணி விட்டாங்க. எனக்கு சின்ன வயசுலேர்ந்தே பவர் ஜாஸ்தி, மைனஸ் 8, அந்த மாதிரி கண்ணுக்கு இது வர்ற சான்ஸ் கூடவாம். கிழிசலைச் சுத்தி தழும்பு வந்து நல்லா ஒட்டிப் பிடிக்க 10லேர்ந்து 14 நாள் ஆகும், அதுவரைக்கும் வெயிட் தூக்காதன்னுட்டாங்க, சரி. ஆனா இந்த ஃப்ளோட்டர்ஸ் அப்படியே தான் இருக்கு, வெள்ளை சுவரைப் பாத்தா கொசு பறக்குற மாதிரி ஒரே எரிச்சல், லேசர் அதை எடுக்காது மாசக்கணக்குல தான் குறையும்கறாங்க, உங்களுக்கு எப்ப குறைஞ்சுச்சு? இருட்டுல ஓரமா மின்னல் வெட்டுறதும் அப்பப்ப வருது, உள்ள இருக்க ஜெல் இன்னும் ரெட்டினாவ இழுக்குதாம்.

புதுசா நிறைய புள்ளி கொட்டுனாலோ, மின்னல் கூடுனாலோ, ஓரத்துலேர்ந்து திரை மாதிரி நிழல் இறங்குனாலோ அன்னிக்கே ஓடி வரணும்னு சொல்லியிருக்காங்க, அது புரியுது. என் பயமே வேற இடத்துல புதுசா கிழிஞ்சா என்ன பண்றதுங்கறது தான், இடது கண்ணும் கிட்டத்தட்ட அதே பவர் வேற... யாருக்காவது அப்படி ஆச்சா? (கேரட் சாப்டுன்னு மட்டும் சொல்லாதீங்க ப்ளீஸ், அம்மா ஏற்கனவே ஜூஸ் போட்டு ஊத்திட்டு இருக்காங்க.) கண்ணுக்குள்ள கேஸ் (வாயு) எதுவும் வைக்காததால ஃப்ளைட்ல போலாம்னாங்க. பைக், ஜிம் எல்லாம் நீங்க எப்ப திரும்ப ஆரம்பிச்சீங்க, டாக்டர் என்ன சொன்னாங்கன்னு கொஞ்சம் சொல்லுங்களேன்.