ஜூன் விடுமுறையில் சாஸ்கச்சுவன்: பறவை பார்க்க எங்கே போகலாம்?

கிராஞ்சி டீச்சர்:
வணக்கம். மகள் கனடாவின் சாஸ்கச்சுவன் மாநிலத்தில், சாஸ்கட்டூனில் படிக்கிறாள். எனக்குப் பள்ளி விடுமுறை விட்டால்தான் நகர முடியும் என்பதால் ஜூன் முதல் வாரம் போகிறேன். சிங்கப்பூரின் சுங்கை பூலோ, கிராஞ்சி சதுப்பு நிலம் தவிர வேறெங்கும் நான் பறவை பார்த்ததில்லை. வசந்தம் முடிந்துபோயிருக்குமா? லாஸ்ட் மவுண்டன் ஏரி, சாப்ளின் ஏரி, தெற்கே கிராஸ்லேண்ட்ஸ் தேசியப் பூங்கா மூன்றையும் பார்த்துவிட ஆசை. மகள்தான் கார் ஓட்டுவாள். 8×42 இருநோக்கி போதுமா?

ஈசூன் ஆள்காட்டி:
வேலை நிமித்தம் அதே மாநிலத்தின் ரெஜைனாவில் குடும்பத்தோடு இருந்தவன் நான். கவலைப்படாதீர்கள் டீச்சர், அங்கே ஏப்ரலில்கூடப் பனி கொட்டும். ஜூன் தொடக்கம் புல்வெளிப் பறவைகள் மும்முரமாகப் பாடும் நேரம்.

ஆனால் மூன்று இடத்தையும் ஒரே பயணத்தில் திணிக்க வேண்டாம். பனியுகத்தின் முடிவில் மண்ணுக்குள் புதைந்து கிடந்த பனிப்பாளங்கள் உருகியதால் உண்டான குட்டைகள் அந்தச் சமவெளி முழுக்க இருக்கின்றன. விமானத்திலிருந்து பார்த்தால் ஆப்பத்தின் மேல் இருக்கும் துளைகள் போலத் தெரியும். வட அமெரிக்க வாத்துகளில் ஏறக்குறைய பாதி இந்தக் குட்டை நாட்டில்தான் குஞ்சு பொரிக்கின்றன. பெயர் பெற்ற ஏரியைத் தேடி வேகமாக ஓட்டினால், வழியிலேயே அத்தனையையும் தாண்டிப் போய்விடுவீர்கள்.

சரளைச் சாலையில் ஒரு குட்டையோரம் காரை நிறுத்தி, எஞ்சினை அணைத்து, கண்ணாடியை இறக்கிவிட்டு உட்காருங்கள். இறங்கினால் எல்லாம் பறந்துவிடும். சம்புப் புதரில் மஞ்சள் தலைக் கரும்பறவை கரகரவென்று கத்தும். முக்குளிப்பான் குஞ்சுகளை முதுகில் ஏற்றிக்கொண்டு நீந்துவதையும் பார்க்கக் கிடைக்கலாம். நான் அதிகம் காத்திருந்தது வில்சன் ஃபாலரோப் என்ற சின்ன நீர்ப்பறவைக்காக. தண்ணீரில் பம்பரமாகச் சுழன்று அடியிலிருக்கும் இரையை மேலே கொண்டுவரும். அதில் பெண்ணுக்குத்தான் பளிச்சென்ற நிறம். முட்டையிட்டதும் அது கிளம்பிவிடும், அடைகாப்பது ஆண். ஜூன் பாதிக்கு மேல் பெண் பறவைகள் புறப்படத் தொடங்கும், அதனால் உங்கள் முதல் வாரம் மிக நல்ல நேரம்.

இங்கே ஏழு மணிக்கு விடிவதை மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள். அங்கே ஐந்துக்கே வெயில் வந்துவிடும். பத்து மணிக்குள் காற்று எழுந்தால் பாட்டு எதுவும் காதில் விழாது.

இருநோக்கி போதும். மகளிடம் கட்டாயம் சொல்லுங்கள்: வேலிக்கு அப்பால் தனியார் நிலம், அனுமதி இல்லாமல் நுழையக் கூடாது.

உப்பங்கழி:
அண்ணன் சொன்னதோடு ஒன்று. சாப்ளினை விட்டுவிடாதீர்கள் அக்கா. உப்பு ஏரி, டிரான்ஸ் கனடா நெடுஞ்சாலையை ஒட்டியே இருக்கிறது, பார்வையாளர் மையமும் உண்டு. ஆர்க்டிக் போகும் சாண்டர்லிங் என்ற கரைப்பறவைக் கூட்டம் மே கடைசியில்தான் உச்சம், நீங்கள் போகும்போது மெலிந்திருக்கும். ஆனால் கோணமூக்கு உள்ளான் அங்கேயே கூடு கட்டும். பைப்பிங் பிளவர் என்ற சின்ன உப்புக்கொத்தியும் அப்படித்தான். அருகிவரும் பறவை அது, கரையில் முட்டையிடுவதால் தூரத்தில் நின்றே பார்க்க வேண்டும். இங்கு மட்டும் முக்காலியில் வைக்கும் தொலைநோக்கி இருந்தால் நல்லது.

கிராஞ்சி டீச்சர்:
இருவருக்கும் மிக்க நன்றி. அப்படியானால் கிராஸ்லேண்ட்ஸ் வேண்டாமா? வளையில் வாழும் ஆந்தையைப் பார்க்க வேண்டும் என்று மகள் ஒற்றைக் காலில் நிற்கிறாள்.

ஈசூன் ஆள்காட்டி:
அப்படியென்றால் லாஸ்ட் மவுண்டனை விட்டுவிடுங்கள். 1887இலேயே பறவைகளுக்கென்று ஒதுக்கிய இடம், வட அமெரிக்காவில் முதலாவது. மனசு கேட்காதுதான். ஆனால் அங்கே கொக்குக் கூட்டம் பெருகுவது இலையுதிர் காலத்தில்.

சாப்ளின் வழியாகத் தெற்கே இறங்கி, கிராஸ்லேண்ட்ஸ் பூங்காவை ஒட்டிய வால் மேரி ஊரில் இரண்டு இரவாவது தங்குங்கள். பிரெய்ரி நாய் என்பது நாயல்ல, வளை தோண்டி வாழும் அணில் இனம்; அவற்றின் வளைகளில்தான் அந்த ஆந்தை குடியேறும். கனடாவில் பிரெய்ரி நாய்கள் இயற்கையாக வாழ்வது அந்தப் பகுதியில் மட்டுமே. உழப்படாத புல் அங்கே இன்னும் மிஞ்சியிருக்கிறது, அதனால் ஸ்ப்ரேக் நெட்டைக்காலி என்ற சின்னப் புல்வெளிப் பறவையும் கிடைக்கும். தலைக்கு மேலே வெகு உயரத்தில் நின்று பாடும், கண்டுபிடிக்கக் கழுத்து வலிக்கும்.

மழை பெய்தால் அந்தக் களிமண் சாலையில் காரை இறக்கவே வேண்டாம், காயும்வரை ஊரிலேயே இருங்கள். புல்லில் உண்ணி உண்டு, கால்சட்டையைக் காலுறைக்குள் செருகிக்கொண்டு நடங்கள்.